தைத்து, ஒட்டி, தையலைப் பிரி!

ரகசியத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். அடக்கி வைத்தால் தலை வெடித்துவிடும்!

ஏரிக்கரையில் பளபளவென்று மின்னும் மரக் கயாக்கை, அந்த ஒடுங்கிய துடுப்புப் படகைப் பார்த்ததும், "அடேயப்பா, எந்தத் தச்சர் எத்தனை மாதம் உட்கார்ந்து செதுக்கினாரோ!" என்று வாயைப் பிளக்கிறோம் இல்லையா? அப்படிப்பட்ட பல படகுகளில் செதுக்கல் என்ற வேலையே கிடையாது. வரிசை வரிசையாக விலாச்சட்டங்கள் கிடையாது. மரத்தை ஆவியில் வேகவைத்து வளைக்கும் வித்தையும் கிடையாது. 4 மில்லிமீட்டர் கனமுள்ள பிளைவுட், செம்புக் கம்பி, எபாக்ஸி பிசின். சரக்கு இவ்வளவுதான். பலகைகளைக் கம்பியால் தைக்கிறார்கள், மூட்டுகளைப் பிசினால் ஒட்டுகிறார்கள், பிசின் இறுகியதும் தைத்த கம்பியை உருவிக் குப்பையில் போடுகிறார்கள். தையல் போன பிறகும் படகு கிண்ணென்று நிற்கிறது!

இத்தனையும் நடப்பது கப்பல் பட்டறையில் அல்ல, கார் நிறுத்துகிற கராஜில். காரை மழையிலும் பனியிலும் வெளியே தள்ளிவிட்டு.

பாதி திறந்த கதவு

நான் இருப்பது அமெரிக்காவின் மேரிலாந்தில், செசபீக் விரிகுடாவின் பக்கம். இங்கே அனபோலிஸ் நகரத்தில் படகு இல்லாதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வீட்டிலேயே செய்துகொள்ளும் மரப்படகுகளுக்கான பாகங்களை அளந்து வெட்டிப் பெட்டியில் போட்டு அனுப்பும் நிறுவனமே இந்த ஊரில் இருக்கிறது. அப்படியொரு நீளமான அட்டைப்பெட்டி எங்கள் பக்கத்து வீட்டு வாசலில் வந்து இறங்கியது. அன்றிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை. அவர்கள் கராஜ் கதவு பாதி திறந்தால் போதும், குனிந்து உள்ளே நுழைந்துவிடுவேன்.

தலைமைத் தச்சர் பக்கத்து வீட்டம்மா. ஓய்வுபெற்ற நர்ஸ். அவருடைய வீட்டுக்காரர் உதவியாளர்: கிளாம்ப் எடுத்துக் கொடுப்பார், காபி போடுவார், "இது கோணலா இருக்கோ?" என்று கேட்டுத் திட்டு வாங்குவார். வேடிக்கை பார்க்க வந்த எனக்கு ஒரே ஒரு நிபந்தனை: "கையுறை போடாமல் எதையும் தொடாதீங்க. பிசின் தோலில் பட்டுப் பட்டு ஒரு நாள் அலர்ஜி வந்துட்டா, அப்புறம் வாழ்நாள் முழுக்க இந்த வேலை பக்கமே வர முடியாது." படகு கட்டுபவர்கள் எல்லோரும் சொல்லும் எச்சரிக்கைதான். நர்ஸ் சொன்னால் அதற்கு இன்னும் எடை கூடிவிடுகிறது.

வளைவு எங்கே ஒளிந்திருக்கிறது?

பெட்டியைத் திறந்தால் ஒரே ஏமாற்றம். படகு மாதிரி எதுவுமே இல்லை! நீள நீளமாகத் தட்டைப் பலகைகள். ஒக்குமே என்கிற மரத்தின் பிளைவுட். ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டிலிருந்து வருவது, வெளிர் இளஞ்சிவப்பு நிறம், எடை குறைவு. மூன்றே அடுக்குகள். கடல் நீருக்கும் கொதிநீருக்கும் அசையாத பசை, உள்ளே ஓட்டை உடைசல் இல்லாத அடுக்குகள்: இப்படித் தேறியதற்குத்தான் மெரைன் பிளைவுட் என்ற பெயர். ஆனால் ஒக்குமே மரத்துக்குச் சொந்தமாக ஈரத்தைத் தாங்கும் திறன் கிடையாது. விட்டால் உளுத்துப்போகும். பிசின் பூசி மூடுவதற்கு அழகு மட்டும் காரணம் அல்ல, உயிர் காப்பதும்தான்.

சரி, தட்டைப் பலகை எப்படிப் படகாகிறது? வித்தை பலகையின் நடுவில் இல்லை, விளிம்பில் இருக்கிறது. அடிப்பலகையின் ஓரம் ஒரு மாதிரி வளைந்திருக்கும், பக்கப்பலகையின் ஓரம் வேறு மாதிரி வளைந்திருக்கும். மேசைமேல் வைத்தால் இரண்டும் பொருந்தாது. பொருந்தாத அந்த இரண்டு ஓரங்களையும் வம்பாக இழுத்து ஒன்றோடொன்று சேர்த்தால் பலகைக்கு வேறு வழியில்லை, வளைந்தே ஆக வேண்டும்! வடிவமைத்தவர் முழுப் படகையும் அந்த ஓரக் கோட்டுக்குள் ஒளித்து வைத்திருக்கிறார். கட்டுகிறவர் அதை வெளியே வரவழைக்கிறார். சாதாரண மனிதர் வீட்டில் படகு கட்ட முடிவதற்குக் காரணம் இதுதான்: கஷ்டமான தச்சுவேலையைக் காகிதத்திலேயே ஒருவர் செய்து முடித்துவிட்டார்.

இன்னொரு சிக்கல். பிளைவுட் பொதுவாக 8 அடி நீளத்தில்தான் வரும். படகோ 17 அடி. ஒட்டுப் போடத்தான் வேண்டும். பெட்டியில் வாங்கினால் இந்த மூட்டு ஏற்கெனவே வெட்டப்பட்டு வரும். வரைபடம் மட்டும் வாங்கி எல்லாவற்றையும் தானே வெட்டுகிறவர்கள் பலகை முனையைச் சரிவாக இழைத்து, ஒன்றன்மேல் ஒன்று படியும்படி ஒட்டுகிறார்கள். கணக்கு 8-க்கு 1. 4 மில்லிமீட்டர் பலகைக்கு 32 மில்லிமீட்டர் சரிவு. இந்த அம்மா முன்பு ஒரு படகை அப்படிக் கட்டியவர். எனக்காகவே இரண்டு துண்டுப் பலகையைப் படிக்கட்டாக அடுக்கி இழைப்புளியை ஓட்டிக் காட்டினார். சீவல் சுருண்டு விழ விழ, பிளைவுட்டின் பசைக்கோடுகள் கருப்புப் பட்டைகளாக வெளியே வருகின்றன. பட்டை நேராக இருந்தால் சரிவு சரி. நெளிந்தால் அந்த இடத்தில் கை அதிகம் அழுத்திவிட்டது என்று அர்த்தம். அளவுகோலே வேண்டாம், மரமே சொல்லிவிடுகிறது!

காலையில் பலகை, சாயங்காலம் படகு

தையல் நாளுக்காகத்தான் நான் காத்திருந்தேன். ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி, சுமார் 10 சென்டிமீட்டருக்கு ஒரு துளை. பென்சில் முனையைவிடச் சின்னத் துளை. அதன் வழியே விரல் நீளச் செம்புக் கம்பித் துண்டு உள்ளே போய் வெளியே வரும். இரண்டு முனைகளையும் குறடால் முறுக்க வேண்டும். முதலில் தளர்வாகத்தான். இறுக்குவது கடைசியில்.

முதலில் இரண்டு அடிப்பலகைகளையும் நேருக்கு நேர் சேர்த்து வைத்து, நடு ஓரத்தில் மட்டும் தைத்தார்கள். பிறகு ஆளுக்கொரு பக்கம் பிடித்து மெதுவாக விரித்தார்கள். "மளுக்" என்று ஒரு சத்தம். என் மூச்சே நின்றது. அம்மா சிரித்தார். "உடையல. பலகை பேசுது, அவ்வளவுதான்." விரித்த பலகையின் இரண்டு முனைகளும் தாமாகவே மேலே எழும்பின. யாரும் அதைத் தூக்கவில்லை! ஓரத்து வளைவு செய்கிற வேலை அது. பக்கப் பலகைகளைச் சேர்த்துத் தைத்து, குறுக்கே தடுப்புப் பலகைகளை நிறுத்தியதும், கராஜுக்குள் சந்தேகமே இல்லாமல் ஒரு படகு கிடந்தது. காலையில் அங்கே பலகைக் கட்டு மட்டும்தான் இருந்தது. மொத்த வேலையில் இதற்கு ஆகும் நேரம் கொஞ்சம்தான், ஆனால் இந்த ஒரு நாளுக்காகவே பலர் இரண்டாவது படகு கட்டத் தொடங்குகிறார்கள் என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது.

உற்சாகத்தில் உடனே ஒட்டிவிடக் கூடாது. முன்முனையில் ஒரு நேர்க்குச்சி, பின்முனையில் ஒரு நேர்க்குச்சி, இரண்டையும் குறுக்கே வைத்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்க்கிறார்கள். இரண்டு குச்சிகளும் ஒரே கோட்டில் தெரிந்தால் சரி. ஒன்று சாய்ந்து தெரிந்தால் படகு முறுக்கிக்கொண்டிருக்கிறது. இப்போதென்றால் நாலு கம்பியைத் தளர்த்தி நேராக்கலாம். பிசின் இறுகிய பிறகு கடவுளே வந்தாலும் ஆகாது. அப்படி முறுக்கிய கயாக் நேராகத் துடுப்புப் போட்டாலும் ஒரு பக்கமாகவே ஓடும்.

சிவப்புப் பாயும் மசூலாவும்

இந்தத் 'தைத்து ஒட்டும்' முறையை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது இங்கிலாந்தின் 'மிரர்' என்ற குட்டிப் பாய்மரப் படகு. 1962-இல் ஜாக் ஹோல்ட் என்ற படகு வடிவமைப்பாளரும், டெலிவிஷனில் வீட்டு வேலைகளைச் செய்துகாட்டிப் புகழ்பெற்ற பாரி பக்னெலும் சேர்ந்து உருவாக்கியது. 'டெய்லி மிரர்' பத்திரிகை ஆதரவு, அதனால் பாயும் அந்தப் பத்திரிகையின் சிவப்பு நிறத்தில். நீளம் 10 அடி 10 அங்குலம். பாகங்கள் அடங்கிய பெட்டியின் தொடக்க விலை 63 பவுண்டு 11 ஷில்லிங். படகு வைத்திருப்பது பணக்காரர் விளையாட்டு என்றிருந்த நாட்டில் பஸ் டிரைவரும் பள்ளி ஆசிரியரும் வீட்டுக் கூடத்தில் படகு தைக்க உட்கார்ந்தார்கள். இதுவரை 70,000-க்கும் மேற்பட்ட மிரர்கள் உருவாகியிருக்கின்றன!

படகைத் தைப்பது நம் கரைக்குப் புதிதா என்ன? சென்னையில் துறைமுகம் கட்டப்படுவதற்கு முன்னால், தூரத்தில் நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து ஆட்களையும் சரக்குகளையும் அலை தாண்டிக் கரைசேர்த்தவை மசூலாப் படகுகள். தென்னங்கயிற்றால் பலகையோடு பலகை தைத்தவை. ஆணியும் இல்லை, விலாச்சட்டமும் இல்லை. அலை தரையில் அறைந்தால் விறைத்து நிற்காமல் நெளிந்துகொடுக்கும். அங்கே தையல்தான் படகின் ஆயுள். இங்கே தையல் பிசின் இறுகும்வரை பிடித்துக்கொள்ளும் கை. இந்தப் புது முறையும் நம்மூருக்கு வராமல் இல்லை. 1980-களில் குமரி மாவட்டம் முட்டத்தில் மெரைன் பிளைவுட்டைத் தைத்து ஒட்டி மீன்பிடிப் படகுகள் கட்டத் தொடங்கினார்கள். கட்டுமரத்துக்குப் பெரிய மரம் கிடைப்பது அருகிவந்த காலம் அது.

பிசின் கோப்பையில் புகை

அடுத்தது எபாக்ஸி. ஒரு டப்பாவில் பிசின், இன்னொன்றில் கெட்டிப்படுத்தும் திரவம். பிராண்டைப் பொறுத்து 2-க்கு 1, அல்லது 5-க்கு 1. சீக்கிரம் காயட்டும் என்று இரண்டாவதை அளவுக்கு மேல் விட்டால் சரியாகக் காயாது, பிசுபிசுவென்று கெட்டுப்போகும். இரண்டும் கலக்கும்போது சூடு பிறக்கிறது. குறுகிய கோப்பையில் நிறையக் கலந்து அப்படியே விட்டால் சூடு வெளியேற வழியில்லாமல் பொங்கிப் புகைந்துவிடும். அகலத் தட்டில் பரப்பினால் நிதானமாக வேலை செய்யலாம். வீட்டுக்காரர் ஒருமுறை மிச்சப் பிசினைக் கோப்பையோடு மூலையில் வைக்க, அது கொஞ்ச நேரத்தில் புகையத் தொடங்கியது. அம்மா ஒன்றுமே சொல்லாமல் அதை இடுக்கியால் எடுத்து வெளியே கான்கிரீட் தரையில் வைத்துவிட்டு வந்தார். அந்த மௌனம் இருக்கிறதே! ஐயா அன்று இரண்டு தடவை காபி போட்டார்.

மூட்டில் பூசுவதற்குப் பிசினோடு மரத்தூளைக் கலக்கிறார்கள். மாவாகச் சலித்த தூள். பதம் முக்கியம்: கரண்டியைக் கவிழ்த்தால் விழாத கெட்டித் தேங்காய்ச் சட்னி. அதைக் கம்பிகளுக்கு நடுநடுவே வைத்து, முனை உருண்ட குச்சியால் ஓர் இழுப்பு இழுத்தால் மூலை வழவழவென்று குழிந்த வளைவாகிறது. அது இறுகியதும் கம்பிகளை ஒவ்வொன்றாக வெட்டி உருவுகிறார்கள். பிசினில் மாட்டிக்கொண்ட கம்பிக்கு ஒரு வைத்தியம் உண்டு: சால்டரிங் அயர்னைக் கம்பியில் வைத்தால் சூட்டில் பிசின் இளகும், குறடால் இழுத்தால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். பிறகு மூட்டு முழுக்க ஃபைபர் கிளாஸ் நாடா ஒட்டிப் பிசின் பூசுகிறார்கள். அவ்வளவுதான், இனி அந்த மூட்டு பிரியாது. பலகை வேண்டுமானால் உடையலாம்.

வெள்ளைத் துணி மறையும் நிமிடம்

எல்லாவற்றிலும் என்னைக் கிறங்கடித்தது இதுதான். படகைக் கவிழ்த்து, அதன்மேல் ஃபைபர் கிளாஸ் துணியைப் போர்த்துகிறார்கள். வெள்ளை வெளேர் துணி. அடியில் இருக்கும் மரம் தெரியவே தெரியாது. அதன் நடுவில் பிசினை ஊற்றி, பிளாஸ்டிக் தகட்டால் மெதுவாக வழித்துப் பரப்பினார் அம்மா. தகடு போன வழியெல்லாம் துணி காணாமல் போனது! நிஜமாகவே மறைந்தது. வெளிறிக் கிடந்த ஒக்குமே, தேன் நிறத்தில் திடீரென்று விழித்துக்கொண்டது. ஒவ்வொரு ரேகையும் தெரிந்தது. நான் கத்தியே விட்டேன். "மெதுவா, மெதுவா," என்றார் அம்மா. ஆனால் அவர் முகத்திலும் சிரிப்பு வழிந்தது.

இந்த வேலையைச் சாயங்காலம் செய்வதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. காலையில் வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியே வரும், ஈரப் பிசினில் கொப்புளம் கொப்புளமாக நிற்கும். வெயில் தாழும்போது மரம் குளிர்ந்து பிசினை உள்ளே இழுத்துக்கொள்ளும். இப்படி ஒரு சின்ன விஷயத்தைக்கூடக் கடிகாரம் பார்த்துச் செய்கிறார்கள்!

பிளம்பர் கடைக் கிளாம்ப், புலம்பல் நாற்காலி

படகு கட்டுபவர்களிடம் எவ்வளவு கிளாம்ப் இருந்தாலும் பத்தாது. இவர்கள் வீட்டில் அதற்குக் கண்டுபிடித்த மருந்து பிவிசி குழாய். தண்ணீர்க் குழாயை வளையம் வளையமாக அறுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கீறல் போட்டால் அதுவே கிளாம்ப்! விரித்து மாட்டினால் கவ்விக்கொள்கிறது. பக்கப்பலகையின் மேலோரத்தில் உட்புறமாக நீளச் சட்டம் ஒட்டிய நாளில், படகின் விளிம்பு முழுக்க வெள்ளை வளையங்கள் வரிசைகட்டி நின்றன.

கராஜ் மூலையில் ஒரு பழைய நாற்காலி. அதில் யாரும் வேலை செய்ய உட்காருவதில்லை. மர வேலைக்காரர்கள் அதைப் புலம்பல் நாற்காலி என்கிறார்கள். படகைக் கண்கொட்டாமல் பார்த்து, எங்கே கோணல், அடுத்து என்ன, ஏன் இதில் இறங்கினோம் என்று யோசிப்பதற்கான இருக்கை. படகுப் பட்டறைகளில் இது பழைய வழக்கம். இங்கே அதில் உட்கார ஐயாவுக்கும் எனக்கும் போட்டி.

எழுந்து நின்ற கயாக்

பிறகு ஒரு நாள் எங்கள் தெருவில் நாயை நடத்திக்கொண்டு போனவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள். 17 அடிப் படகு செங்குத்தாக, வீட்டு மாடிக் கைப்பிடியில் கயிற்றால் கட்டப்பட்டு நின்றது! முனையின் குறுகிய இடுக்குக்குள் பிசினும் மரத்தூளும் கலந்து ஊற்றிக் கெட்டியாக்க வேண்டும். தூக்கிச் செல்லும் கைப்பிடிக் கயிற்றுக்கான துளையை அந்தக் கட்டியில்தான் போடுவார்கள். பிசின் முனையில் தங்க வேண்டுமென்றால் படகு நிற்கத்தானே வேண்டும்? ஒரே தடவையில் ஊற்றினால் சூடேறிப் பொங்கும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு முனை இறுகியதும் தலைகீழாக்கி அடுத்த முனை.

மேல்தளத்தை மூடுவதற்கு முன்னால் ஒரு சடங்கு. மேல்தளப் பலகையின் உட்புறத்தில், யாரும் எப்போதும் பார்க்காத இடத்தில், கையெழுத்துப் போடுகிறார்கள். தேதி, பேரப்பிள்ளைகளின் பெயர், ஒரு மீன் படம். என் கையிலும் பேனாவைத் திணித்தார் அம்மா. தமிழில் எழுதினேன். அதன்மேல் பிசின் பூசியதும், எழுத்து மரத்துக்குள் அடைபட்டுப்போனது. பிறகு பலகையைப் பட்டைகளால் இழுத்து வளைத்து, வெண்கல ஆணிகள் அடித்து மூடினார்கள்.

உப்புத்தாள் புராணம்

இனி வருவதுதான் சினிமாவில் காட்டாத பகுதி: தேய்ப்பது. இப்படி ஒரு கயாக்குக்கு 80 முதல் 100 மணி நேரம் ஆகும் என்கிறார்கள். அதில் கணிசமான பங்கு உப்புத்தாளுக்கே போகிறது. இறுகிய பிசின்மேல் மெழுகு மாதிரி ஒரு படலம் வரும். அதைத் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகுதான் தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் தாள் அடைத்துக்கொள்ளும். மூக்கை மூடும் முகக்கவசம் கட்டாயம். தேய்த்தால் பளபளப்பு போய்ப் படகு மங்கலாகிவிடும், பார்க்கவே பரிதாபமாக இருக்கும். கடைசியில் வார்னிஷ். இதுவும் அலங்காரம் மட்டும் அல்ல. எபாக்ஸிக்கு வெயில் ஆகாது. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வார்னிஷ் குடை பிடிக்காவிட்டால் மஞ்சளடித்துச் சிதைந்துவிடும். தூசு பறக்காமல் இருக்கத் தரையை நனைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு பூசினார் அம்மா. எங்களுக்கு உள்ளே வரவே தடை.

உட்காரும் இடத்தை அவரவர் உடம்புக்குத் தகுந்தபடி அமைத்துக்கொள்ளலாம். கால் எட்டும் இடத்தில் மிதி, இடுப்பைப் பிடிக்கும் பஞ்சு. வடதுருவத்துப் பனிக்கடல் ஓரத்தில் கயாக்கைப் பிறப்பித்த இனுயிட் மக்கள், மிதந்து வந்த கட்டையில் சட்டம் கட்டி, கடல்நாய்த் தோல் போர்த்தி, ஓட்டப்போகிறவரின் உடல் அளவுக்கே படகைக் கட்டினார்கள். பிளைவுட்டுக்கு வந்த பிறகும் அந்த வழக்கம் மட்டும் மாறவில்லை.

முடிந்த படகின் எடை 25 கிலோவுக்குள். 17 அடிப் படகை அந்த அம்மா தனியாகத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்! பெட்டி வாங்க ஆயிரம் டாலருக்குமேல் ஆகும். இழைப்புளி, டிரில், குறடு, சாண்டர், நிறைய பிவிசி குழாய், கோபித்துக்கொள்ளாத வாழ்க்கைத் துணை ஆகியவை தனி.

அதனால் எங்கேயாவது கரையில் ஒரு மரக் கயாக்கைப் பார்த்தால், வெளியே மின்னுவதைப் பார்த்து அசந்துபோய் நகர்ந்துவிடாதீர்கள். வெளிப்புறத்தை எவ்வளவு வேண்டுமானாலும் தேய்த்துச் சரிசெய்யலாம். "மேல்தளத்து மூடியைத் திறந்து உள்ளே ஒரு தடவை பார்க்கலாமா?" என்று கேளுங்கள். செல்போன் டார்ச்சை அடித்து, மூலையில் பூசிய வளைவு ஒரே சீராக ஓடுகிறதா, அதன் நெடுகக் கம்பி இருந்த குட்டித் துளைகள் புள்ளி வைத்த மாதிரி தெரிகின்றனவா என்று பாருங்கள். வேலைக்காரர் யார் என்பது அங்கே தெரிந்துவிடும். கேட்கக் கூச்சமே வேண்டாம். கட்டியவர் உங்கள் கையைப் பிடித்து உட்காரவைத்து, ஒரு மணி நேரம் விடமாட்டார். அதற்கு நான் பொறுப்பு!